ஓட்டுநர் இல்லாத வண்டிக்கு ஒரு விருந்து

ஜூன் 9

இந்த டைரி உரக்கடையில் சும்மா கொடுத்தது. போன வருஷத்துடையது. தேதி சரி, கிழமை தப்பு. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவனுக்கு இவ்வளவு சரியாக இருந்தால் போதும். எழுதச் சொன்னது மகள் இலக்கியா. பட்டுக்கோட்டையில் வங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறாள். “தினம் எழுதினா கையெழுத்துத் திருந்தும்ப்பா” என்றாள். ஐம்பத்து நாலு வயசில் திருந்த வேண்டிய பட்டியலில் கையெழுத்து கடைசியில்தான் வரும். இருந்தாலும் தொடங்கிவிட்டேன்.

நான் வைரக்கண்ணு, கருக்கான்விடுதி. என்னிடம் ஒரு குட்டி யானை வண்டி இருக்கிறது. தினமும் காலையில் முல்லையும் மல்லிகையும் ஏற்றிக்கொண்டு ஆலங்குடி, புதுக்கோட்டை, கீரனூர் வழியாகத் திருச்சிக்குப் போவேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு.

இன்றைக்கு இடது பக்கக் கண்ணாடி உடைந்தது. இந்த வருஷத்தில் மூன்றாவது. புளியமரம் கொஞ்சம் ரோட்டுப் பக்கம் நகர்ந்து வந்திருக்கிறது போல.

ஜூன் 12

மல்லிப்பட்டினத்துப் பெண் ஒருத்தி, பர்வீன் என்று பெயர், வண்டியை வாடகைக்குக் கேட்டாள். சென்னையில் விமானப் படிப்புப் படித்தவளாம். தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு சாமானைக் கொண்டுபோய், வற்றிக் கிடக்கிற எங்கள் பெரிய குளத்தில் இறக்கச் சொன்னாள். தார்ப்பாயை எடுத்தால், ஆட்டோவுக்கு இறக்கை முளைத்த மாதிரி வெள்ளையாக ஒன்று.

“என்னம்மா இது?”

“சரக்கு விமானம் அண்ணே. அறுபது கிலோ தூக்கும்.”

“யார் ஓட்டுறது?”

“யாரும் ஓட்ட மாட்டாங்க. அதுவே போகும், அதுவே இறங்கும்.”

சிரித்துவிட்டேன். பிறகு அது நாலு விசிறியும் சுற்ற நேராக மேலே எழும்பி, குளத்தை மூன்று தடவை வலம் வந்து, எழும்பிய இடத்திலேயே கோழி உட்கார்வது போல உட்கார்ந்தது. வாடகை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 17

பர்வீனிடம் கேட்டேன், இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்று. கூட்டு முதலீடாம். தெரிந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறார்கள், கம்பெனியில் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு. ஐம்பத்தாறு பேர் போட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசிக்குள் குறித்த தொகை நிரம்பினால்தான் பணம் கம்பெனிக்கு வரும். நிரம்பாவிட்டால் போட்டவர்களுக்கே திரும்பிப் போய்விடும். இன்னும் பதினொரு லட்சம் நிரம்பவில்லை.

“அட, நம்ம ஊரு மொய் விருந்தும்மா இது!” என்றேன்.

அவளுக்குக் கடலோர ஊர். தெரியவில்லை. விளக்கிச் சொன்னேன். எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு ஊரைக் கூப்பிட்டுக் கறிச்சோறு போடுவோம். சாப்பிட்டவர்கள் மொய் செய்வார்கள். அதை வைத்துக் கிணறு வெட்டலாம், கடை போடலாம். பிறகு அவர்கள் விருந்து வைக்கும்போது நாம் கூடப் போட்டுத் திருப்பிச் செய்ய வேண்டும். ஒரு வீட்டுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான் விருந்து.

“உங்க முறை எப்ப அண்ணே?”

“இந்த ஆடி.”

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது.

ஜூன் 18

வளர்மதியிடம் சொன்னேன். இந்த விருந்தில் வரும் பணத்தில் புது வண்டி வாங்குவதாகத்தான் நானும் அவளும் ஐந்து வருஷமாகப் பேசிவைத்திருந்தோம். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் பருப்பைக் களைந்துகொண்டே, “புது வண்டி வாங்குனா எத்தன வருசம் ஓட்டுவீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“இருபது வருசம்.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அந்தப் புள்ளைகிட்டயே போடுங்க” என்று சொல்லிவிட்டாள். பெண்கள் மனசு புரியவே புரியாது.

ஜூன் 26

வளர்மதிக்குத் திடீரென்று திருச்சியில் இருக்கும் தங்கச்சி மேல் பாசம் பொங்குகிறது. இந்த வாரம் நாலாவது தடவையாக வண்டியில் ஏறி வந்தாள். வழியெல்லாம் பேச்சு. “சைக்கிள் ஒன்னு போவுது பாருங்க.” “மாடு நிக்குது பாருங்க.” “அந்த அம்மா கொடம் தூக்கிட்டுப் போவுது.” இடது பக்கம் போகிறவர்களை மட்டும் ஒருவர் விடாமல் அறிமுகப்படுத்துகிறாள். வலது பக்கத்து ஜனங்கள் மேல் அவளுக்கு என்ன கோபமோ.

ஜூன் 30

கீரமங்கலத்தில் கண் முகாம். அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் நிறையச் சொன்னார். தமிழில்தான் சொன்னார், எனக்குத்தான் கவனம் இல்லை. சொட்டு மருந்து கொடுத்தார். அக்டோபரில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டுமே, அதற்குக் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டேன். போட மாட்டாராம். நல்ல மனிதர், கொஞ்சம் பிடிவாதக்காரர்.

ஜூலை 11

விருந்துப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. அறுநூறு. பதினாலு இடத்தில் பேனரும் வைத்தாயிற்று. வாசகம் நானே எழுதினேன்: “வைரக்கண்ணு இல்ல மொய் விருந்து. ஆள் இல்லா விமானக் கம்பெனியில் பங்கு சேர அனைவரும் வருக! ஆட்டுக்கறி உண்டு.” பேனரில் என் படம், பக்கத்தில் விமானம். என்னை விட விமானம் சிவப்பாக இருக்கிறது.

ஜூலை 12

காலையில் பர்வீன் குளத்திலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

“அண்ணே, யாரைக் கேட்டுப் பேனர் வெச்சீங்க?”

“ஏம்மா, எழுத்துப் பிழையா?”

“எழுத்தே பிழைண்ணே! இது தனியார் கம்பெனி. தெரிஞ்சவங்ககிட்ட, பேரு போட்டுக் கடுதாசி குடுத்துதான் பணம் கேக்கலாம். அதுவும் இருநூறு பேருக்கு மேல போவக் கூடாது. ஊரையே தட்டி வெச்சுக் கூப்புட்டா சட்டப்படி தப்பு. போட்டவங்க பணத்தையும் திருப்பிக் குடுத்துட்டுக் கம்பெனிய மூடிட்டு, நானும் உங்க வண்டியில பூ மூட்டை ஏத்த வேண்டியதுதான்!”

நானும் அவளும் இலக்கியாவும் வண்டியை எடுத்துக்கொண்டு பதினாலு பேனரையும் கழற்றினோம். பேனர் வைத்தவனே கிழிக்கிறான் என்று டீக்கடையில் எழுந்து நின்று பார்த்தார்கள். பக்கத்து ஊரில் அதற்குள் ஒன்றை ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிட்டார்கள். என் முகத்துக்கு அடியில் நாலு ஆடு. கேட்டு வாங்க ஒரு மணி நேரம் ஆனது.

ஜூலை 14

யோசித்து ஒரு வழி கண்டேன். விருந்து எப்போதும் போல என் வீட்டு விருந்து. கம்பெனி, பங்கு என்ற பேச்சே இல்லை. மொய் எனக்கு. அந்தப் பணத்தை என் ஒருவன் பெயரில் நான் போடுகிறேன். ஆடிட்டரைக் கேட்டு, சரிதான் என்று பர்வீனும் வந்து சொன்னாள். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள்.

“ஆனா ஒன்னு அண்ணே. மத்தவங்க போட்டது அவங்கவங்க பாடு. இது அப்படி இல்ல. விமானம் விழுந்தா உங்க பணம் போச்சு. விருந்துக்கு வந்தவங்களுக்கு மட்டும் நீங்க ஆயுசுக்கும் திருப்பிச் செய்யணும். நல்லா யோசிச்சுட்டீங்களா?”

“மொய்யில தப்பிச்சவன் எவன்மா இருக்கான்?” என்றேன். அவள் போன பிறகு நல்லாவே யோசித்தேன். திருப்பிச் செய்ய வேண்டுமென்றால் வண்டி ஓட்ட வேண்டும். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 3

விருந்து. ஐந்து குடும்பம் சேர்ந்து ஒரே பந்தல். ஆளுக்கொரு மேசை. என் மேசையில் இலக்கியா உட்கார்ந்து எழுதினாள்.

வளர்மதியின் அண்ணன் தங்கராசு மச்சானும் பூ வண்டிதான் ஓட்டுகிறார். திருச்சி ரோட்டில் அவரை முந்தியவன் கிடையாது, முந்தியவனை அவர் விட்டதும் கிடையாது. இரண்டு தடவை கறி வாங்கிச் சாப்பிட்டு, நிறைவாக மொய்யும் செய்துவிட்டு, பந்தல் நடுவில் நின்று பேசினார்.

“மாப்ள, ஓட்டுறவன் இல்லாத வண்டியாம்ல? மாப்புள்ள இல்லாத கல்யாணம் மாதிரி. சோறு நல்லா இருந்துச்சு, தாலி கட்டத்தான் ஆளில்ல!”

பந்தலே சிரித்தது. நானும்தான். நல்லாத்தானே சொன்னார்?

கைகழுவிவிட்டு வந்த மேலத்தெரு பொன்னுரங்கம் என் காதோடு கேட்டார். “எப்பா, என்னைய ஒரு நாளு அதுல ஏத்துவியா?”

“அதுல ஆளே கெடயாதுண்ணே.”

“அப்ப எடம் காலியாத்தான இருக்கும்!”

ஆகஸ்ட் 5

கம்பெனிக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. தொகை நிரம்பிவிட்டது. எனக்கு ஒரு பத்திரம் வந்திருக்கிறது, பங்குதாரராம். வளர்மதி அதை ரேஷன் கார்டோடு வைத்தாள்.

ஆகஸ்ட் 19

விழுந்துவிட்டது.

ஆகஸ்ட் 20

நேற்று எழுத முடியவில்லை. முப்பது கிலோ பூவோடு பறந்த விமானம் சோமையா தென்னந்தோப்பில் விழுந்தது. ஆளுக்குச் சேதமில்லை. மட்டையில் ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை, தோப்பு முழுக்க முல்லை. சாமி ஊர்வலம் போன மாதிரி இருந்தது.

ஒரு விசிறியின் ஒயர் சூட்டில் உருகியிருக்கிறது. பர்வீன் அழவில்லை. ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். கையில் இருக்கும் பணத்தில் இன்னும் ஒரே ஒரு விமானம்தான் கட்ட முடியுமாம்.

மச்சான் வந்து பார்த்தார். “தேங்கா பறிக்க வந்துச்சா மாப்ள?” என்றார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு அவரும் குனிந்து பூப் பொறுக்கினார்.

செப்டம்பர் 2

திருச்சியில் பூ ஏற்றுமதி செய்கிற லூர்துசாமி வந்தார். வெளிநாடு போகிற முல்லை மொட்டாகவே குளிர் அறைக்குள் போக வேண்டும். வழியில் வாய் திறந்தால் பாதி விலை. அவர் கணக்கு சுருக்கம். ஒரே தோட்டத்துப் பூ, அறுபது கிலோ விமானத்தில், அறுபது கிலோ வண்டியில். ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். எது முந்துகிறது, எது மொட்டாக வருகிறது என்று பார்ப்பார். விமானம் ஜெயித்தால் தினசரிச் சரக்கும் முன்பணமும். இல்லையென்றால் கும்பிடு.

“கும்பிடுன்னா கம்பெனிக்கும் கும்பிடுதான் அண்ணே. இதுக்கு மேல பணம் இல்ல” என்று பர்வீன் என்னிடம் மட்டும் சொன்னாள்.

அந்தக் கடைசி விமானம் பத்து நாளில் தயாராகிவிடுமாம். செப்டம்பர் 14 காலை ஏழிலிருந்து ஒன்பது வரை பறக்க அனுமதி வாங்கியிருக்கிறாள்.

லூர்துசாமி என் தோளில் தட்டி, “வண்டி நீங்கதான் ஓட்டணும் வைரக்கண்ணு. இருபத்திரண்டு வருச அனுபவம்ல? நம்ம கம்பெனிதானேன்னு உருட்டக் கூடாது, உண்மையா ஓட்டணும்” என்றார். ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 11

நாலாவது கண்ணாடி.

இந்தத் தடவை மரம் இல்லை. மோட்டார் சைக்கிளில் போன ஒரு மனிதன். வளர்மதி இன்றைக்கு வரவில்லை. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். “பாத்து வாங்க பெரியவரே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அரை மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து வளர்மதியிடம் சொன்னேன். இடது கண் ஓரம் ஒரு வருஷமாகவே இருட்டு. கண்ணுக்குள் அழுத்தமாம். போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றுதான் அந்த டாக்டர் சொன்னார்.

“தெரியும். நானும் பக்கத்துலதான நின்னேன்” என்றாள்.

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னுதான்.”

சாவியை அவள் கையில் கொடுத்தேன்.

செப்டம்பர் 12

தங்கராசு மச்சான் வீட்டுக்குப் போய், பதினாலாம் தேதி என் வண்டியை ஓட்ட வேண்டும் என்று கேட்டேன். காரணமும் சொன்னேன். கண்ணைப் பற்றிக் கேட்டதும் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு பழைய ஆளாகிவிட்டார்.

“நான் ஓட்டுனா ஒன் பிளேன் தோத்துரும் மாப்ள. பெறவு வருத்தப்படக் கூடாது.”

“அதுக்குத்தான் ஒங்களக் கேக்குறேன். நான் ஓட்டி பிளேன் ஜெயிச்சா, நான் விட்டுக் குடுத்தேம்பான். அது ஒங்களத் தோக்கடிச்சா எவனும் பேச முடியாது.”

“மாப்ள, ஒனக்குக் கண்ணுதான் கொறச்சல்.” மெச்சினாரா, திட்டினாரா, தெரியவில்லை. லூர்துசாமிக்கும் போன் போட்டுக் காரணத்தைச் சொன்னேன், சரி என்றார்.

செப்டம்பர் 14

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதிவிட வேண்டும்.

ஏழு மணிக்குக் குளத்துக்குள் பாதி ஊர் நின்றது. விமானம் எங்கே போகிறது என்று காட்டும் பெட்டித் திரையின் முன்னால் பர்வீன், பக்கத்தில் வளர்மதி. திருச்சிக்கு வெளியே லூர்துசாமியின் குளிர் அறைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் இலக்கியா. வண்டியில் மச்சான் ஸ்டியரிங்கில், நான் இடது பக்கம். விமானம் எழும்பியது. அது மரத்து உயரம் போவதற்குள் எங்கள் வண்டி கரையேறிவிட்டது.

மச்சான் ஓட்டினார் பாருங்கள்! ஆலங்குடியில் பஸ் திரும்புமுன் புகுந்தார். லெவல் கிராசிங் திறந்திருந்தது, சந்தையில் கூட்டமில்லை. இத்தனை வருஷத்தில் அந்த ரோடு எனக்கு இப்படி ஒரு நாளும் வழி விட்டதில்லை.

“எங்க மாப்ள ஒன் கொக்கு? காங்கலயே!”

“மேல இருக்கும் மச்சான்.”

“இருக்கும் இருக்கும். எவன் தோப்புலயோ எளனி குடிச்சுக்கிட்டு இருக்கும்.”

ஏழரைக்கு வளர்மதி கூப்பிட்டாள். போன் சத்தம் மச்சானுக்கும் கேட்டது.

“என்னங்க, திரையில அதக் காணோமாம். ஆறு நிமிசமா ஒன்னும் வரல. அந்தப் புள்ள மூஞ்சியே சரியில்ல.”

பந்தலில் சாப்பிட்ட அத்தனை முகமும் வரிசையாக வந்தது. பொன்னுரங்கம் கடைசியாக வந்தார்.

புதுக்கோட்டை எல்லையில் வண்டி வேகம் குறைந்தது. மச்சான் ஓரம் கட்டி, இறங்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்து வானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“ஏன் மச்சான் நிறுத்திட்டீங்க? நீங்க ஜெயிச்சுக்கிட்டிருக்கீங்க.”

“அட வாய மூடுய்யா. ஒனக்கு ஒரு பக்கந்தான் தெரியும். நான் ரெண்டு பக்கமும் பாக்குறேன். விழுந்திருந்தா போயி எடுக்க வேணாமா? பூ கெட்டுப் போயிரும்ல!”

ரோட்டோரம் இரண்டு பேரும் அண்ணாந்து நின்றோம். போகிற வருகிறவர்களும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். என்ன என்று கேட்காமலேயே நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். வானத்தில் ஒன்றுமே இல்லை.

ஏழு நாற்பத்து மூன்றுக்கு மறுபடி போன். இலக்கியா. அவள் கத்தியதில் முதல் பாதி விளங்கவில்லை.

“ப்பா! எறங்கிருச்சுப்பா! நடு மைதானத்துல, நான் சுண்ணாம்பு போட்ட வட்டத்துக்குள்ள! சத்தமே இல்லாம வந்து ஒக்காந்துருச்சு!”

“காணோம்னாங்களேம்மா?”

“சேதி அனுப்புறதுதான் நின்னுருக்கு. அதுக்கு வழி தெரியும்ப்பா, யாரு கேட்டாலும் கேக்காட்டியும் அது பாட்டுக்கு வந்துருச்சு!”

நான் ரோட்டோரத்தில் குந்திவிட்டேன். மச்சான் என் கையைப் பிடித்துத் தூக்கி வண்டிக்குள் தள்ளினார். “சும்மா போனவன நிப்பாட்ட வெச்சுட்டியே!” என்று திட்டிக்கொண்டே, தோற்றது உறுதியான பந்தயத்தில், புதுக்கோட்டையிலிருந்து திருச்சி வரை முன்னை விட வேகமாக ஓட்டினார். ஒன்பது அடிக்கப் பத்து நிமிஷத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் நின்றதையும் கழித்தால் நான் ஒரு நாளும் தொடாத நேரம்.

லூர்துசாமி இரண்டு மூட்டையையும் மேசையில் கொட்டினார். எங்கள் பூவில் மேல் அடுக்கு லேசாகச் சிரிக்க ஆரம்பித்திருந்தது. விமானத்தில் வந்தது பல் கடித்த மாதிரி மூடிய மொட்டு. கையில் அள்ளினார், உருட்டினார், இன்னொரு தடவை அள்ளினார்.

“தினம் நாலு நடை வேணும். முடியுமா?” என்று பர்வீனிடம் போனில் கேட்டார்.

என் வண்டி என் விமானத்தை விட ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்திவிட்டது. தன் வண்டி தோற்றதற்குக் கைதட்டி விசில் அடித்த ஓட்டுநர் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். மச்சானும் அடித்தார். கேட்டால் இல்லை என்பார்.

செப்டம்பர் 16

ஒப்பந்தம் கையெழுத்தாகி, முன்பணமும் வந்துவிட்டது. இன்னும் மூன்று விமானம் கட்டுகிறார்கள்.

பூ வண்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் மச்சான் தலைமையில் பர்வீனிடம் வந்தார்கள். “அப்ப எங்க பொழப்பு?” என்று நேராகவே கேட்டார்கள். அவளும் நேராகவே சொன்னாள். எல்லாப் பூவும் இதில் போகாது. போகிற பூவையும் எட்டு ஊர்த் தோட்டத்திலிருந்து குளத்துக்குக் கொண்டுவர வண்டி வேண்டும், அந்த வேலை முதலில் இவர்களுக்குத்தான் என்று எழுதியே கொடுத்தாள். திருச்சி வரை போகிற காசு வராது, திருச்சி வரை போகிற டீசலும் வேண்டாம். அரை மனசோடு போனார்கள். எனக்கும் கொஞ்சம் உறுத்தல்தான்.

மச்சான் மட்டும் பின்தங்கினார். “நானும் கொஞ்சம் போடலாமா மாப்ள? பேரு போட்டுக் கடுதாசி குடுக்கச் சொல்லு. எனக்கும் ஒரு மரியாதை இருக்குல்ல?”

அக்டோபர் 1

லைசென்ஸ் இன்றோடு முடிகிறது. புதுப்பிக்கப் போகவில்லை. குட்டி யானையை மச்சானின் மூத்த மகன் எடுத்துக்கொண்டான். திருப்பும்போது ஒரு தடவை ஹாரன் அடித்தான். அது எனக்குத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

குளத்தில் எனக்கு வேலை. மூட்டையை எடை போட்டு, ஈரம் பார்த்து, விமானத்தில் ஏற்றிக் கதவை மூடி, விலகி நின்று கையைத் தூக்க வேண்டும். கதவு மூடியிருக்கிறதா என்று நான் இரண்டு தடவை தலையைத் திருப்பிப் பார்ப்பதைப் பார்த்து, மற்ற பிள்ளைகளும் அப்படியே செய்கிறார்கள். அது விதிமுறை என்று நினைத்துவிட்டார்கள்.

அக்டோபர் 6

இன்று முதல் நடை ஆறு ஐம்பதுக்குக் கிளம்பியது. கையைத் தூக்கினேன், போனது. அடுத்த நடைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டுக்கு நடந்தேன்.

வளர்மதி இட்லித் தட்டை அப்போதுதான் இறக்கினாள். என்னைப் பார்த்ததும், “என்ன, வண்டி ரிப்பேரா?” என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்தாள்.

இருபத்திரண்டு வருஷமாக என் காலைச் சாப்பாடு புதுக்கோட்டை தாண்டி, பொட்டலத்தில், ஒரு கையால். இன்றைக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இட்லியில் ஆவி பறந்தது. விரலைச் சுட்டுக்கொண்டேன், ஊதத் தெரியவில்லை. நாலாவது இட்லியில், திருச்சியில் பூ இறக்கிக் கணக்கு எழுதுகிற இலக்கியாவிடமிருந்து சேதி வந்தது, பூ இறங்கிவிட்டது என்று.

“பூ திருச்சி போயிருச்சு” என்றேன்.

“போவட்டும். இன்னும் ரெண்டு வைக்கவா?”

வை என்றேன்.